பிரேக் ஆயில் மாத்தியாச்சா? ஹார்ஸ்பவர் அப்புறம் பேசலாம்

வாசகர் கேள்வி – பதில்

தினமும் ஆபீஸ் போற காரையே வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை ரேஸ் டிராக்ல ஓட்டணும்னா வண்டில என்னென்ன மாத்தணும், கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன். வந்த மெயில்ல முக்கால்வாசி ஒரே கேள்விதான், எவ்ளோ பவர் ஏத்தலாம். நிறுத்துறதப் பத்தி கேட்டது ரெண்டே பேர், அதுல ஒருத்தர் ஏற்கனவே மண்ணுல இறங்கிட்டு வந்து கேக்கறாரு.

அண்ணா, ஆக்டேவியா விஆர்எஸ் 230 செகண்ட் ஹேண்ட்ல வாங்கிருக்கேன். ஆபீஸும் இதுலதான். அப்பப்போ இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல ஓட்ட ஆசை. மூணு லட்சம் எடுத்து வெச்சிருக்கேன். டவுன்பைப் (டர்போவ ஒட்டி வர்ற எக்ஸாஸ்ட் குழாய்) போட்டு ஸ்டேஜ் டூ (பவர் ஏத்தற டியூனிங்ல ரெண்டாவது படி) பண்ணுடான்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் உசுப்பேத்தறாங்க. எதுல ஆரம்பிக்கட்டும்?
– வாசகர், அம்பத்தூர்

தம்பி, அந்த மூணு லட்சத்த அப்படியே வீட்ல வெச்சிட்டு ஒரு லிட்டர் நல்ல பிரேக் ஆயில் மட்டும் வாங்கிட்டு வாங்க, மொத நாள் டிராக்குக்கு அது போதும். கிண்டல் பண்றேன்னு நினைக்காதீங்க, நான் பட்டிருக்கேன்.

நான் மொத தடவை இருங்காட்டுக்கோட்டை போனப்போ வண்டில எக்ஸாஸ்ட் மாத்தி, ஏர் ஃபில்டர் மாத்தி, பார்க்க ஜம்முனு இருந்துச்சு. மூணு லேப் ராஜா மாதிரி ஓட்டினேன். நாலாவது லேப்ல ஸ்ட்ரெய்ட் முடியற இடத்துல பிரேக்க மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி நேரா தரைக்கு போகுது, வண்டி அது பாட்டுக்கு போயிட்டே இருக்கு. படபடன்னு மூணு தடவை குத்தினதுல கொஞ்சம் பிடிச்சுது, மீதி வேகத்த ஓரத்து மண்ணு வாங்கிக்கிச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல. சாயங்காலம் வீல கழட்டி பிரேக் ஆயில் வடிக்கற நிப்பிள தொறந்தா வடிகட்டாத டீ கலர்ல ஆயில் வருது. சர்வீஸ் புக்ல ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தினதா சீல் குத்திருக்கு, சீல் மட்டும்தான் குத்திருக்காங்க. அன்னிலேர்ந்து எந்த சர்வீஸ் சென்டர் சீலையும் நம்பறதில்ல, பிரேக் ஆயில் மாத்தும்போது பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவேன்.

ஏன் அப்படி ஆச்சுன்னா, பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும், மழைக்காலத்துல மூடாம வெச்ச உப்பு டப்பா மாதிரி. டாட் 4-ங்கற தரத்து ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சபட்சம் 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்னு விதி. அதுலயே 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா 155 டிகிரி தாங்கினா போதும்னு அதே விதி சொல்லுது. கொதிச்சா ஆவி, ஆவிய அமுக்கினா அது சுருங்கும், நீங்க மிதிக்கற மிதி வீல்ல பிரேக்க அமுக்கற காலிபருக்கு போய் சேராம ஆவிய அமுக்கறதுலயே போயிடும். அதான் பஞ்சு பெடல்.

சரி, ரோட்ல ஏன் இது வரமாட்டேங்குது? உங்க வண்டி ஆளோட சேத்து சுமார் 1,500 கிலோன்னு வெச்சுக்குவோம். 80-லேர்ந்து நிக்கறதுக்கு ஒரு பங்கு சூடுன்னா 160-லேர்ந்து 80-க்கு வர்றதுக்கு மூணு பங்கு சூடு, குறையற வேகம் ரெண்டுலயும் அதே 80 தான், ஆனா சூடு வேகத்தோட வர்க்கத்துல ஏறுது. அந்த மூணு பங்குங்கறது கணக்குக்கு கிட்டத்தட்ட நாலு லிட்டர் பச்சத்தண்ணிய கொதி வர்ற வரைக்கும் சூடாக்கற அளவு. ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் ஒரு பெரிய குண்டான் தண்ணி, அது ஆறறதுக்குள்ள அடுத்த கார்னர். ரோட்ல யாரும் இப்படி பிரேக் அடிக்கறதில்ல, அடிச்சா பின்னாடி வர்றவன் நம்ம டிக்கிக்குள்ள இருப்பான்.

அதனால முதல் வேலை ஆயில். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ரேஸ் ஆயில் புதுசுல 312 டிகிரி வரைக்கும் தாங்கும், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும், முடிஞ்சா ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னாடியும் மாத்திடுங்க, சீல் உடைச்ச பாட்டில அடுத்த வருஷத்துக்கு எடுத்து வெக்காதீங்க. ஒரு எச்சரிக்கை, கடைல டாட் 5-னு குடுத்தா வாங்காதீங்க, அது சிலிக்கான், உங்க வண்டில இருக்கறதோட சேராது. டாட் 5.1 வேற, அது சேரும். நம்பர் ஒண்ணு போல இருக்கறதால கடைக்காரரே குழம்புவாரு.

ரெண்டாவது பேட், அதான் டிஸ்க்க கவ்விப் பிடிக்கற பிரேக் கட்டை. ரோட்டு பேடும் சூடு தாங்காம கை விடும், ஆனா அது கை விடற விதம் வேற, பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், வண்டி மட்டும் நிக்காது. இந்த வித்தியாசத்த கால்ல வாங்கி வெச்சுக்கோங்க, பஞ்சுன்னா ஆயில், கல்லுன்னா பேட். ரோட்டுக்கும் டிராக்குக்கும் நடுவுல ஒரு ரகம் இருக்கு, ஃபாஸ்ட் ரோடுன்னு சொல்லுவாங்க, உங்களுக்கு அதான். அசல் ரேஸ் பேட் போட்டா காலைல கிண்டி சிக்னல்ல குளிர்ந்த பேடோட பிடிப்பே இருக்காது, கூடவே கீச்சுனு சத்தம், டிஸ்க்கையும் தின்னுடும். புது பேட் போட்டதும் காலி ரோட்ல 80-லேர்ந்து 10 வரைக்கும் ஏழெட்டு தடவை, கொஞ்சம் கொஞ்சமா அழுத்தம் கூட்டி, முழுசா நிக்காம பிரேக் அடிச்சு, அப்புறம் பத்து நிமிஷம் பிரேக் தொடாம ஓட்டி ஆற விடுங்க. இதப் பண்ணாம நேரா டிராக்குக்கு போனா டிஸ்க்ல பேட் திட்டு திட்டா ஒட்டிக்கும், அப்புறம் ஸ்டீயரிங் ஆடுது, டிஸ்க் வளைஞ்சிடுச்சுன்னு எனக்கு போன் வரும்.

மூணாவது டயர், அதுலயும் மொதல்ல காத்து. பல்பு வாங்கறது எல்லாரும் இங்கதான். காலைல ஜில்லுனு இருக்கும்போது கம்பெனி சொன்ன அளவு புடிச்சிட்டு போவாங்க, நாலு லேப்ல டயர் சூடாகி அஞ்சு ஆறு பிஎஸ்ஐ ஏறிடும், வண்டி ஐஸ் மேல போற மாதிரி வழுக்கும். டயர் சரியில்லன்னு புலம்பிட்டு திரும்ப வந்திடுவாங்க. ஒரு நல்ல கேஜ் வாங்குங்க, டிராக் ஓரத்துல வண்டி நிறுத்தற பிட்டுக்கு வந்த உடனே சூடா இருக்கும்போதே அளந்து ஏறினத எறக்குங்க. டயர் பக்கவாட்டுல சாக்பீஸால நாலு இடத்துல கோடு போட்டுக்கோங்க, லேப் முடிஞ்சு வந்து பார்த்தா எது வரைக்கும் அழிஞ்சிருக்குன்னு தெரியும், ஓரத்துல இருக்கற சின்ன முக்கோணத்த தாண்டி அழிஞ்சிருந்தா காத்து கம்மி. சாயங்காலம் வீட்டுக்கு கிளம்பறதுக்கு முன்னாடி மறக்காம திரும்ப ஏத்திக்கோங்க, ஆறின டயர்ல எறக்கின காத்தோட பெங்களூர் ஹைவேல போகக்கூடாது.

வீல் போல்ட்ட டார்க் ரெஞ்ச் வெச்சு 120 நியூட்டன் மீட்டர், காலைல ஒரு தடவை, மத்தியானம் ஆறினதும் ஒரு தடவை. டிக்கில இருக்கற ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணி பாட்டில், மிதியடி எல்லாத்தையும் எறக்கி வெச்சிடுங்க. டிரைவர் சீட்டுக்கு கீழ ஒரு வாட்டர் பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடில போய் உக்காந்தா இதுவரைக்கும் நான் சொன்னது எல்லாம் வேஸ்ட்.

இதெல்லாம் ஆயிரக்கணக்குல முடியற வேலை. இப்படி மூணு நாள் ஓட்டிட்டு, அப்பவும் கை அரிச்சா, அலைன்மென்ட்ல முன் வீலுக்கு நெகடிவ் கேம்பர், அதாவது வீலோட மேல் பக்கம் உள்பக்கமா சாயறது, எவ்ளோ வருதுன்னு பாருங்க. உங்களுது முன் வீல் இழுக்கற வண்டி, கார்னர்ல முன் டயர் வெளி ஓரம்தான் மொட்டையாகும், கேம்பர் குடுத்தா டயரும் பிழைக்கும் வண்டியும் திரும்பும். ஸ்டேஜ் டூ? சென்னை வெயில்ல பவர் ஏத்தினா இன்ஜின் தர்றது பாதி, சூடு பாதி, உள்ள போற காத்து சூடானா இன்ஜின் கம்ப்யூட்டர் இசியூவே பவர குறைச்சிடும். அந்த காத்த ஆத்தற இன்டர்கூலர் நல்லதா போடாம இசியூ செட்டிங்க மட்டும் மாத்தி ரீமேப் பண்ணா மொத லேப்ல வர்ற குதிரை மூணாவது லேப்ல காணாம போயிடும். அப்புறம் டவுன்பைப்ல புகைய சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட்ட எடுத்துட்டா அது ரோட்டுக்கு சட்டப்படி சரியில்ல, தெரிஞ்சு பண்ணுங்க.

சார், என்னுது போலோ ஜிடி டிஎஸ்ஐ, பழைய 1.2 இன்ஜின், டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர். செட்டிப்பாளையம் கரி டிராக்ல ஓட்டிட்டு வந்து நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டுட்டு சாப்பிட போனேன். திரும்பி வந்தா பின் வீல் ரெண்டும் சுத்தவே மாட்டேங்குது. என்ன தப்பு பண்ணேன்? அப்புறம் இந்த கியர்பாக்ஸுக்கு ஸ்டேஜ் ஒன் பண்ணலாமா?
– வாசகர், சிங்காநல்லூர்

தப்ப நீங்களே எழுதிட்டீங்க. உங்க வண்டில பின்னாடி டிரம். சூட்டுல டிரம் விரிஞ்சிருக்கும்போது ஷூவ இழுத்துக் கட்டிட்டீங்க, சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள டிரம் ஆறி சுருங்கி ஷூவ கவ்விக்கிச்சு. டிஸ்க்கா இருந்தா பேட் ஒட்டிக்கும், அதுவும் நல்லதில்ல. டிராக்லேர்ந்து வந்தா ஹேண்ட்பிரேக்க தொடவே கூடாது, பார்க்ல போட்டு வீலுக்கு கட்டை வைங்க, கட்டை இல்லன்னா செங்கல். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் இருக்கறவங்க வண்டி நிறுத்தினா அது தானா போட்டுக்குதான்னு பாத்து ஆஃப் பண்ணிக்கோங்க. அதுக்கு முன்னாடி கடைசி லேப்ப பிரேக் தொடாம மெதுவா ஓட்டணும், எல்லாரும் கொடி பாத்ததும் கடைசி கார்னர் வரைக்கும் அடிச்சு விளாசிட்டு நேரா உள்ள வந்து நிறுத்தறாங்க.

கரி 2.1 கிலோமீட்டர் தான், திருப்பம் மேல திருப்பம், பிரேக்குக்கு மூச்சு விட நேரமே கிடையாது, அதனால அஞ்சு லேப் ஓட்டினா ஒரு லேப் ஆத்துங்க. 2003-ல திறந்த டிராக் அது, கரிவரதன் பேர்ல. அவரு கோயமுத்தூர்லயே ரேஸ் கார் கட்டினவரு, 1995-ல விமான விபத்துல போயிட்டாரு. அந்த ஊர்க்காரங்க பட்ஜெட் இல்லன்னு சொன்னா எனக்கு கோவம் வரும், கையில இருக்கறத வெச்சு வேகமா ஓட்டறதுக்கு பேர் போன ஊரு அது.

ஸ்டேஜ் ஒன். அந்த ஏழு ஸ்பீடு டிஎஸ்ஜி காஞ்ச கிளட்ச், ஆயில்ல குளிக்காது, 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைக்குத்தான் டிசைன். கம்பெனி உங்களுக்கு குடுத்தது 175. நடுவுல இடம் இருக்குன்னு டியூனர் சொல்லுவாரு, பேப்பர்ல சரிதான். ஆனா வேகமா லேப் ஓட்டறது கிளட்ச அவ்வளவா தின்னாது, வண்டிங்கள நிறுத்தி வெக்கற பேடாக்ல இன்ச் இன்ச்சா ஊர்றதும், நின்ன இடத்துலேர்ந்து சீறிக் கிளம்பி ஃப்ரெண்டுக்கு லாஞ்ச் காட்டறதும்தான் தின்னும். நீங்க எந்த ரகம்னு உங்களுக்கே தெரியும். நானா இருந்தா இன்னும் ஒரு வருஷம் 105 குதிரைலயே ஓட்டுவேன், அந்த 1,100 கிலோ வண்டிக்கு நல்ல டயரும் பேடும் போட்டா கரில பெரிய வண்டிங்கள பயமுறுத்தலாம்.

போன இதழ்ல ஓட்டை போட்ட டிஸ்க் வெறும் அலங்காரம்னு எழுதியிருந்தீர்கள். நான் 34 வருடம் மெக்கானிக்கல் லைனில் இருந்தவன். ஓட்டை இருந்தால் எடை குறையும், காற்று போகும். எப்படி அலங்காரம் என்கிறீர்கள்?
– வாசகர், திருச்சி

ஐயா, வெறும் அலங்காரம்னு எழுதினது கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கறேன். பழைய காலத்து பேட் சூடானா நடுவுல கேஸ் விடும், அது வெளியேற ஓட்டை உதவுச்சு, இப்போ வர்ற பேட்ல அந்த பிரச்சனை ரொம்ப கம்மி. எடை குறையறது நல்லதுதான், ஆனா பிரேக்குக்கு சூட்ட வாங்கி வெச்சுக்க இரும்பும் வேணுமே, அதயே எடுத்துடறோம். என் பயம் வேற, சூடு ஆறல் சூடு ஆறல்னு டிராக்ல போகும்போது ஓட்டையோட விளிம்புலேர்ந்து விரிசல் ஆரம்பிக்கும், ஒரு டிஸ்க்ல ஓட்டைக்கு ஓட்டை கோடு இழுத்த மாதிரி விரிசல் போயிருந்தத கையில வெச்சு பாத்திருக்கேன். ஓட்டை வேணாம், காடி வெட்டின டிஸ்க் போடலாம், அதுவும் இல்லாம சாதா டிஸ்க்கே போதும்ங்கறது என் கட்சி.

அண்ணே, ஜிஆர் 86 எடுத்து ஆறு மாசம் ஆச்சு, செப்பாங் டிராக்ல மூணு தடவை ஓட்டிட்டேன். இப்போ பைலட் ஸ்போர்ட் 4 டயர். செமி ஸ்லிக் (ரேஸ் டயர் மாதிரி, பட்டன் கம்மி) போடவா, கோய்லோவர் சஸ்பென்ஷன் போடவா, பெரிய பிரேக் கிட் போடவா?
– வாசகர், கிள்ளான், மலேசியா

மூணுல எதையும் இப்போ போடாதீங்க. 5.543 கிலோமீட்டர் டிராக், அதுல கடைசி ஹேர்பின்னுக்கு ரெண்டு பக்கமும் நீள ஸ்ட்ரெய்ட். பின்பக்கம் முழு வேகத்துல வந்து 15-வது கார்னருக்கு நிறுத்தி, பிட் முன்னாடி திரும்ப முழு வேகம் எடுத்து 1-வது கார்னருக்கு நிறுத்தணும். இந்த ரெண்டு நிறுத்தத்துல உங்க பேடும் பிரேக் ஆயிலும் மூணாவது செஷன்லயும் அதே மாதிரி பிடிச்சா பெரிய கிட் தேவையே இல்ல, வண்டி ஒண்ணும் கனம் கிடையாது. மலேசியா ஈரப்பதத்துல ஆயில் இன்னும் சீக்கிரம் தண்ணி குடிக்கும், அத மட்டும் ஞாபகம் வைங்க.

செமி ஸ்லிக் ஏன் வேணாம்னா, அது உங்க தப்ப மூடி மறைச்சிடும். இப்போ இருக்கற டயர் கத்தும், வழுக்க ஆரம்பிக்கறத முன்னாடியே சொல்லும், விட்டாலும் மெதுவா விடும். செமி ஸ்லிக் ரொம்ப நேரம் பொறுத்துக்கிட்டு அப்புறம் டக்குனு விட்டுடும், அப்போ நீங்க இன்னும் அதிக வேகத்துல இருப்பீங்க. மத்தியான மழை வேற இருக்கு, பட்டன் கம்மியான டயர்ல செப்பாங்லேர்ந்து கிள்ளான் வரைக்கும் கொட்டற மழைல ஹைவேல தண்ணி மேல மிதந்துட்டு போறது டிராக்க விட டேஞ்சர்.

காசு செலவு பண்ணியே ஆகணும்னா முன்னாடி கேம்பர் போல்ட் போட்டு ரெண்டு டிகிரி பக்கம் கொண்டு வாங்க. அப்புறம் இன்ஜின் ஆயில் டெம்பரேச்சர் மேல ஒரு கண்ணு, 125 டிகிரிய தாண்டி ஏறிட்டே இருந்தா ஒரு லேப் மெதுவா ஓட்டி உள்ள வந்திடுங்க, ஒவ்வொரு செஷன்லயும் அப்படித்தான்னா ஆயில் கூலர் போடுங்க. இன்ஜின் ஆயில் லெவல காலைல டிப்ஸ்டிக் எடுத்து பாக்கறது, பெட்ரோல கால் டேங்குக்கு கீழ விடாம இருக்கறது, இது ரெண்டுக்கும் காசே ஆகாது. நீள கார்னர்ல ஆயிலும் பெட்ரோலும் ஒரு பக்கமா ஒதுங்கிடும், பம்ப் காத்த உறிஞ்சும்.

டிராக்ல இடிச்சா இன்சூரன்ஸ் வருமா?
– வாசகர், மதுரை

வராது. பாலிசி பேப்பர்ல எதுக்கெல்லாம் செல்லாதுன்னு ஒரு பத்தி இருக்கும், அதுல ரேஸும் வேகப் பரிசோதனையும் எழுதிருக்கும். டிராக் டே ரேஸ் இல்லையேன்னு வாதாடி பாக்கலாம், பம்பர் கைல வெச்சுக்கிட்டு வாதாட எனக்கு தெம்பு இல்ல. உடைஞ்சா சொந்த காசுல சரி பண்ண முடியற வண்டிய மட்டும் எடுத்துட்டு போங்க. வண்டில செஞ்ச மாற்றத்த மறைச்சா ரோட்ல ஆகற விபத்துக்கும் தலைவலி வரும், அதயும் கம்பெனிக்கு எழுதி குடுத்துடுங்க. மத்தபடி, டிராக்குக்கு காசு கட்ட மனசில்லாம ஈசிஆர்ல ராத்திரி பந்தயம் விடறவங்களுக்கு, மோட்டார் வாகன சட்டம் 189-வது பிரிவு, மொத தடவை மாட்டினா மூணு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 5,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம்.

என் மகளுக்கு 24 வயசு, சொந்த சம்பாத்தியத்துல மினி கூப்பர் எஸ் வாங்கிட்டா. டிராக் டேக்கு பேர் குடுத்துட்டேன்னு சொல்றா. ரேஸ் சீட் பெல்ட் வாங்கி மாட்டி விடலாமா? எனக்கு வேற எதுவும் தெரியாது. சின்ன வயசுல சோழவரத்துல ரேஸ் பாத்ததோட சரி.
– ஒரு அப்பா, வேளச்சேரி

சோழவரம் பாத்தவரா! நானும் மாமா தோள் மேல உக்காந்து பாத்திருக்கேன், அந்த பழைய ராணுவ ஓடுதளம், வெயில், புழுதி, சத்தம் மட்டும் இன்னும் காதுல இருக்கு. நமக்கும் ரேஸுக்கும் நடுவுல வெறும் வைக்கோல் கட்டு இருந்த ஞாபகம், அத நினைச்சா உங்க பொண்ணு போற இடம் எவ்வளவோ மேல்.

ரேஸ் பெல்ட் வேணாம் சார். நாலு பட்டை பெல்ட்ட சாதா சீட்ல கட்டினா, முன்னாடி மோதும்போது இடுப்பு கீழ நழுவி பட்டை வயித்துல ஏறும். வண்டி உருண்டா அதவிட மோசம், கம்பெனி பெல்ட்னா உடம்பு சாய இடம் குடுக்கும், இது நிமிர்த்தி கட்டி வெச்சிடும், கூரை நசுங்கினா தலைதான் வாங்கும். உள்ள ரோல் பார், ரேஸ் சீட், பெல்ட் மூணும் சேந்தாத்தான் பலன், மூணும் போட்டா அது ரோட்டு கார் இல்ல. கம்பெனி பெல்ட், ஏர்பேக், அது போதும். ஹெல்மெட் மட்டும் நல்லதா வாங்கி குடுங்க, ஸ்னெல்ங்கற ஹெல்மெட் தரச் சான்றுல எஸ்ஏ ரகம் காருக்குன்னே நெருப்பு சோதனையோட வர்றது, எம் ரகம் பைக்குக்கு. டிராக்ல பைக் ஹெல்மெட்டும் விடறாங்களான்னு ஏற்பாடு பண்றவங்கள முன்னாடியே கேட்டுக்கோங்க. காட்டன் முழுக்கை சட்டை, மெல்லிசா அடி இருக்கற ஷூ.

வண்டி வழுக்கிச் சுத்தாம பாத்துக்கற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல ஆஃப் பண்ண வேணாம்னு சொல்லுங்க, பக்கத்துல ஒரு பையன் வந்து ஆஃப் பண்ணாத்தான் ஓட்டம்னு சொல்லுவான், அவன கண்டுக்க வேணாம். கொடி எல்லாம் காலைல பிரீஃபிங்ல சொல்லுவாங்க, அத தூங்காம கேக்கணும், மஞ்சள் பாத்தா ஓவர்டேக் கிடையாது, சிவப்பு பாத்தா மெதுவா உள்ள வரணும். மத்தது அவளுக்கு உங்கள விட நல்லா தெரிஞ்சிருக்கும்.

நீங்க கேக்கல, ஆனா கேக்க நினைச்சத நானே சொல்றேன், பக்கத்து சீட்ல உக்காந்து ரெண்டு லேப் போக நிறைய இடத்துல விடுவாங்க. முதல் செஷன்ல ஏறாதீங்க, கூட எழுபது எண்பது கிலோ வெச்சா அவளோட பிரேக் கணக்கு மாறும், மத்தியானத்துக்கு மேல ஏறுங்க. உங்களுக்கும் ஒரு ஹெல்மெட். காலைல ரெண்டு இட்லியோட நிறுத்திக்கோங்க, பேடாக்ல பிரியாணி பொட்டலம் வரும், அத எறங்கினதுக்கு அப்புறம் பிரிங்க.